லாப்ரடார், பாரசீகப் பூனை, டைல்ஸ் தரை: எந்த வேக்குவம் கிளீனர் எடுக்கலாம்?

மொட்டைமாடி

வணக்கம். வேக்குவம் கிளீனர் வாங்க வேண்டும். வீட்டு விவரத்தை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

சென்னை, மூன்றாவது மாடி, 950 சதுர அடி. எல்லா அறையும் விட்ரிஃபைடு டைல்ஸ், சமையலறை மேடை மட்டும் கிரானைட். கார்பெட் கிடையாது. துணி சோஃபா ஒன்று, மெத்தை இரண்டு, வாசலில் தேங்காய்நார் மிதியடி. ஒரு லாப்ரடார், ஒரு பாரசீகப் பூனை. சின்னவனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, மழைக்காலத்தில் வீசிங் வரும். பட்ஜெட் 15,000 ரூபாய், அவசியம் என்றால் 20,000 வரை போகலாம்.

ஒரு கடையில் 2000 வாட் எடுத்தால்தான் நாய் முடி வரும் என்கிறார்கள். இன்னொரு கடையில் வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் ஸ்டிக் போதும் என்கிறார்கள். ரோபோ வாங்கச் சொல்பவர்களும் உண்டு. எதை நம்புவது?

பீளமேடு பட்டறை

முதல்ல அந்த 2000 வாட்டை ஒதுக்கி வைங்க. அது மெஷின் எவ்வளவு கரண்ட் குடிக்குதுங்கற கணக்கு. எவ்வளவு இழுக்குதுங்கற கணக்கு வேறங்க. ஐரோப்பிய யூனியன்ல 2014 செப்டம்பர்ல 1600 வாட்டுன்னு உச்சவரம்பு வச்சாங்க, 2017 செப்டம்பர்ல அதை 900 வாட்டுக்கு இறக்கிட்டாங்க. அங்க வீட்டுக்கு வீடு கார்பெட், நாய், பூனை எல்லாம் இருக்கு. 900 வாட்டுக்குள்ளயே சுத்தம் பண்ணிட்டுத்தான் இருக்காங்க.

இழுவையை ரெண்டா பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு அழுத்தம், கிலோ பாஸ்கல்ல சொல்லுவாங்க. பைப் வாயை முழுசா அடைச்சாத்தான் அதோட உச்ச நம்பர் வரும், அந்த நேரம் காத்தே ஓடாது. ரெண்டாவது காத்தோட்டம், ஒரு செகண்டுக்கு எத்தனை லிட்டர்ங்கறது. வாய் திறந்து இருக்கும்போதுதான் இது உச்சம். தரையில கிடக்கற முடியைத் தூக்கிட்டுப் போறது காத்தோட்டம். மெத்தைக்குள்ள, இடுக்குக்குள்ள இறங்கின மண்ணை இழுக்கறது அழுத்தம். வேலை நடக்கற நிலையில ரெண்டையும் பெருக்கினா ஏர் வாட் வரும். செகண்டுக்கு 20 லிட்டர், 10 கிலோ பாஸ்கல்னா 200 ஏர் வாட். டைல்ஸ் வீட்டுக்கு அது தாராளம்.

பெட்டி மேல கிலோ பாஸ்கல் மட்டும் பெரிசா போட்டு, காத்தோட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னா, முடி விஷயத்துல அந்த நம்பரை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாதுங்க.

அதைவிட முக்கியம் தரையில படற வாய்ப்பகுதி, அதாவது ஹெட். முடி உள்ள போறதும் போகாததும் அங்கதான் முடிவாகுது. மெஷின் நல்லா இருந்து ஹெட் சரியில்லைன்னா காசு வீண். பூனை வச்சிருக்கறவங்க இதைப் பத்தி இன்னும் நல்லா சொல்லுவாங்க.

பூனைப்படை

சொல்கிறேன். உங்கள் வீட்டில் இரண்டு விதமான முடி இருக்கிறது, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

லாப்ரடார் முடி குட்டையானது, விறைப்பானது. ஊசி மாதிரி துணிக்குள் குத்திக்கொண்டு நிற்கும். டைல்ஸில் பெருக்கினாலே வந்துவிடும், சோஃபாவில்தான் உயிரை வாங்கும். பாரசீகப் பூனையின் முடி நீளம், மெல்லிசு, பஞ்சு போல உருண்டு மூலைக்குப் போகும், பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும். அதோடு பெண்களின் நீள முடியும் சேர்ந்தால் ரோலரில் கயிறே திரித்தது போல ஆகிவிடும். இதை மனதில் வைத்து ஹெட்டைப் பாருங்கள்.

டைல்ஸுக்கு விறைப்பான நார் வைத்த வேகமாகச் சுற்றும் ரோலர் வேண்டாம். அது கார்பெட்டுக்கானது. வழுவழுப்பான தரையில் முடியையும் பூனை மணலையும் (பூனை மலம் கழிக்கும் தட்டில் போடுவது) பின்னால் உதறித் தள்ளும், பாதம் கூசும் அளவுக்கு மணல் தெறிக்கும். தரைக்கு இரண்டே வழி: சுற்றாத சாதா ஹெட், அடியில் மெல்லிய நார் வரிசையும் சின்னச் சக்கரமும் உள்ளது. அல்லது வெல்வெட் போன்ற மிருதுவான ரோலர். இரண்டாவது நுண்தூசியையும் ஒற்றி எடுக்கும்.

சோஃபாவுக்கும் மெத்தைக்கும் சுற்றும் மினி பிரஷ் இல்லாமல் நடக்காது. வெறும் இழுவைக்குக் குத்தி நிற்கும் முடி அசையாது, யாராவது அதைக் கிளப்பிவிட வேண்டும். இங்கேதான் வயர் உள்ள மெஷினுக்கும் வயர் இல்லாததுக்கும் பெரிய வித்தியாசம். வயர் உள்ள விலை குறைந்த மெஷின்களில் ஹோஸுக்குள் மின்கம்பி போகாது. அதனால் மினி பிரஷ் காற்றால் சுற்றும் டர்போ வகையாக இருக்கும். பை நிறைந்துகொண்டே வந்தால் அதன் வேகம் குறையும், மெத்தையில் கொஞ்சம் அழுத்தினால் நின்றே போகும். ஸ்டிக் வகையில் மினி பிரஷ்ஷுக்குத் தனி மோட்டார் உண்டு, அழுத்தினாலும் சுற்றும்.

அதனால் உங்கள் வீட்டுக்கு என் ஓட்டு நல்ல ஸ்டிக் ஒன்றுக்கு. இன்னொரு காரணமும் உண்டு. லாப்ரடார் இருக்கும் வீட்டில் தினமும் எடுக்க வேண்டும். பெட்டியை இழுத்து, வயரை விரித்து, பைப்பை மாட்டித் தினமும் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. சுவரில் தொங்கினால் கை தானாகப் போகும்.

அடையாறு ஆலமரம்

இடையில் ஒன்று. எந்த மெஷினாக இருந்தாலும், தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வேலை முடிந்து அரை மணி கழித்துப் போடுங்கள். ஃபேன் ஓடினால் பாதி முடி காற்றில்தான் இருக்கும். ஃபேன் இறக்கை மேலும் முடி ஒட்டியிருக்கும், வாரம் ஒருமுறை அதை முதலில் துடைத்துவிட்டுத்தான் கீழே வர வேண்டும்.

ஈர மாப் எப்போதும் கடைசியில். முதலில் ஈரம் பட்டால் முடி தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

பீளமேடு பட்டறை

பூனைப்படை மேடம் சொன்ன மினி பிரஷ் விஷயம் சரிங்க. ஆனா ஸ்டிக் வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும்.

பெட்டியில 40 நிமிஷம்னு போட்டிருந்தா அது மோட்டார் ஹெட் மாட்டாம, குறைஞ்ச வேகத்துல ஓட்டின நேரம். ரோலரோட நடு வேகத்துல பாதி கிடைக்கும். பூஸ்ட், அதாவது உச்ச வேகம், போட்டா பல மாடல்ல பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். சோஃபாவுக்கு பூஸ்ட் தேவைப்படும், அதனால சோஃபாவை முதல்ல முடிச்சிட்டுத் தரைக்கு வாங்க.

லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஒத்துக்காது. சென்னை மே மாசத்துல ஓட்டி முடிச்ச சூட்டோட சார்ஜ்ல மாட்டினா பேட்டரி சீக்கிரம் தளரும். அரை மணி ஆற விட்டு மாட்டுங்க. ஜன்னல் வெயில் படற சுவத்துல ஸ்டாண்ட் அடிக்காதீங்க. பேட்டரி கையால கழட்டற மாதிரி இருக்கா, தனியா விக்கறாங்களா, என்ன விலைன்னு வாங்கற அன்னிக்கே கேளுங்க. பேட்டரி கிடைக்கலைன்னா மெஷின் மொத்தமும் போச்சு.

மூணாவது, தூசி டப்பா. அரை லிட்டர்தான் இருக்கும். லாப்ரடார் முடி அதுக்கு ரெண்டு அறை கூடத் தாங்காது. டப்பாவுக்குள்ள இருக்கற சல்லடை உருளையைச் சுத்தி முடி இறுகிக்கும், அது அடைஞ்சா இழுவை சட்டுனு விழும். ஒவ்வொரு தடவையும் கொட்டணும்.

நாலாவதுதான் முக்கியம். டப்பாவைக் கொட்டும்போது தூசி முகத்துக்கு வரும். பையனுக்கு வீசிங்னு சொல்றீங்க. அதனால என் கணக்கு வேற: பை போடற வயர் மெஷின், கூட ஒரு டர்போ மினி பிரஷ். முடியைப் பையோட தூக்கிப் போட்டுரலாம்.

மொட்டைமாடி

இரண்டு பேருக்கும் நன்றி. அந்த வீசிங் விஷயம்தான் எனக்கும் முக்கியம். எல்லா மெஷினிலும் நுண்தூசியைத் தடுக்கும் ‘ஹெபா’ ஃபில்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது இருந்தால் போதுமா?

வேப்பமரம்

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வாமை உள்ள வீட்டில் எல்லாரும் தவறவிடும் இடம் இதுதான்.

பூனையிடம் ஒவ்வாமை தருவது முடி அல்ல. ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது முடியில் பூசப்பட்டு, காய்ந்து, தோல் செதிலோடு தூளாக உதிர்கிறது. நாய்க்கு கேன் எஃப் 1 என்ற புரதம். இந்தத் தூளில் ஒரு பகுதி சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே இருப்பதால் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். முடி கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியாது. மெஷின் முடியைப் பிடித்துக்கொண்டு தூளைப் பின்பக்கம் ஊதினால், சுத்தமான தரையும் இருமும் குழந்தையும்தான் மிச்சம்.

இப்போது ஃபில்டர். ஐரோப்பியத் தரநிலையில் எச்13 என்ற தரம், பிடிக்க மிகக் கடினமான அளவுத் துகளில் 99.95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். எச்14 என்றால் 99.995. அதற்குக் கீழே இ10 (85 சதவீதம்), இ11 (95), இ12 (99.5) உண்டு, அவை ஹெபா ஆகா. அமெரிக்கக் கணக்கில் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம். பெட்டியில் எழுத்தும் எண்ணும் இல்லாமல் ‘ஹெபா டைப்’, ‘ஹெபா போல’ என்று மட்டும் இருந்தால் அதற்கு அளவு எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்13 இருந்தாலும் போதாது என்றதற்குக் காரணம், காற்று எல்லாம் அந்த ஃபில்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூடி இடுக்கு, ஃபில்டர் உட்காரும் ரப்பர் விளிம்பு, மோட்டார் உறை, வயர் சுருளும் அறை ஆகியவற்றில் கசிந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. கடையிலேயே சோதிக்கலாம். ஓட விட்டு, ஊதுபத்திப் புகையை மெஷின் இடுக்குகளைச் சுற்றி மெதுவாகக் கொண்டு போங்கள். வெளியேற்றும் சன்னல் தவிர வேறு எந்த இடத்திலாவது புகை வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டால் அங்கே கசிவு. ஏற்கெனவே ஓடிய மெஷின் என்றால் இன்னும் எளிது: ஃபில்டரைக் கழற்றி அது உட்காரும் சட்டத்தைப் பாருங்கள். விளிம்பைத் தாண்டிக் கறுப்புக் கோடு போல் தூசி படிந்திருந்தால், காற்று சுற்றுவழியில் போயிருக்கிறது.

பை வேண்டுமா டப்பா வேண்டுமா என்றால், இந்த வீட்டுக்குப் பைதான். அதுவும் துணிப் பை வேண்டாம். விலை குறைந்த மெஷின்களோடு வரும் துணிப் பையின் நெசவு இடைவெளியில் நுண்தூசி தாராளமாகப் போகும், உதறும்போது எல்லாம் திரும்பி வரும். பல அடுக்குச் செயற்கை இழைப் பை கேளுங்கள், வாயை மூடும் அட்டையோடு வரும். செல்லப்பிராணித் தூளில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பை நிறைவதற்கு முன்பே அதன் நுண்துளைகள் அடையும். மூன்றில் இரண்டு பங்கு ஆனதும் மாற்றிவிடுங்கள், அமுக்கிப் பார்த்து இன்னும் இடம் இருக்கிறது என்று வைத்திருக்காதீர்கள்.

மெஷின் ஓடும்போது குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. முடிந்த பின் அரை மணி நேரமாவது கழியட்டும். சுத்தம் செய்பவருக்கும் ஒவ்வாமை இருந்தால் என்95 முகக்கவசம்.

பூனை குழந்தையின் மெத்தையில் படுக்காமல் பார்த்துக்கொள்வது எந்த மெஷினைவிடவும் அதிக வேலை செய்யும். அந்த அறைக்குள் விடாமலே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பூனைப்படை

வேப்பமரம் சொன்ன பிறகு எச்13 விஷயத்தில் மறுப்பு இல்லை. ஆனால் முழுக்கக் கசிவில்லாத ஸ்டிக்குகளும் உண்டு, விலை 20,000-ஐத் தாண்டும் என்பதுதான் சிக்கல். அந்த பட்ஜெட்டுக்குள் தரமான எச்13 வேண்டும் என்றால் பை மெஷின்தான், ஒத்துக்கொள்கிறேன். தினசரி எடுக்கத் தரைக்கு அகலமான மைக்ரோஃபைபர் உலர் மாப் ஒன்று வையுங்கள். முடியை எழுப்பாமல் ஒற்றி எடுக்கும். பூந்துடைப்பம் போட்டால் முடி மேலே கிளம்பி நாலா பக்கமும் பறக்கும்.

சோஃபாவுக்கு டர்போ பிரஷ் போடும் முன்னால் ஈரம் லேசாகத் தொட்ட ரப்பர் கையுறையால் ஒரே திசையில் இழுங்கள். ஜன்னல் துடைக்கும் ரப்பர் வைப்பரும் நல்லது. முடி உருண்டு ஒரு விளிம்புக்கு வரும், பிறகு மெஷின் எளிதாக எடுக்கும். பாலியஸ்டர் துணியில் நிலைமின்னேற்றத்தால் முடி ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த லேசான ஈரம் அதையும் போக்கும்.

லாப்ரடாருக்கு இரட்டை அடுக்கு ரோமம். வாரம் மூன்று நாள் பால்கனியில் வைத்து உள்ரோமம் எடுக்கும் சீப்பால் வாரினால் வீட்டுக்குள் கொட்டுவது நன்றாகக் குறையும். மொட்டையடித்துவிடாதீர்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த ரோமம்தான்.

கிண்டி டெக்

ரோபோ பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக.

தினசரித் தரை முடிக்கு ரோபோ நல்லது, முதன்மை மெஷினாக வேண்டாம். சோஃபா, மெத்தை, ஜன்னல் திரை எதையும் தொடாது. வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். அறைகளுக்கு இடையே நிலைப்படி உயரம் 2 செ.மீ. தாண்டினால் பெரும்பாலானவை ஏறாது. சோஃபாவுக்கு அடியில் இடைவெளி: தலையில் லேசர் கோபுரம் உள்ள மாடல்கள் சுமார் 10 செ.மீ. உயரம், அதற்கு மேல் இடம் வேண்டும். மூன்றாவது, தரையில் கறுப்பு கிரானைட் பட்டை ஏதாவது பதித்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் பார்க்கும் அகச்சிவப்பு உணரிக்குக் கறுப்பிலிருந்து ஒளி திரும்பி வராது, பள்ளம் என்று நினைத்து நின்றுவிடும்.

பக்கவாட்டில் சுற்றும் பிரஷ் பூனை மணலை அறை முழுக்க விசிறும். மணல் தட்டு இருக்கும் இடத்தைச் செயலியில் தடைப் பகுதியாகக் குறித்துவிடுங்கள். நாயின் தண்ணீர்க் கிண்ணத்தையும் அப்படியே.

நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் ஆளில்லாத நேரத்துக்கு ஓட்டம் வைக்கவே கூடாது. மலத்தில் ஏறினால் வீடு முழுக்கப் பூசிவிடும். 2021-ல் ஐரோபாட் நிறுவனம் ரூம்பா ஜே7+ மாடலைக் கேமராவோடு கொண்டுவந்து, திட மலத்தைத் தவிர்க்கும், தவிர்க்காவிட்டால் மெஷினையே மாற்றித் தருவோம் என்று உறுதி கொடுத்தது. அந்த அளவுக்கு எல்லா நாட்டிலும் இருக்கும் பிரச்சினை இது. கேமரா இல்லாத மாடலுக்கு அந்தப் பார்வை கிடையாது.

மொட்டைமாடி

ரோபோவை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பூனை மணலைப் பற்றி இன்னொரு கேள்வி. தட்டைச் சுற்றிச் சிதறுவதை மெஷினால் எடுக்கலாமா? நாய் எப்போதாவது வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதையும் ஈரத்தோடு உறிஞ்ச முடியுமா?

பீளமேடு பட்டறை

சிறுநீரைச் சாதா மெஷின்ல எடுக்கவே எடுக்காதீங்க. உலர் மெஷின்ல இழுக்கற காத்தேதான் மோட்டாரைக் குளிர வைக்குது. ஈரம் உள்ள போனா நேரா மோட்டார் சுருள்ல படும். ஷாக் அடிக்கும், சுருள் எரியும். ஈரம் எடுக்கணும்னா ‘வெட் அண்ட் டிரை’ வகை வேணும். அதுல மோட்டாரைக் குளிர வைக்கற காத்துக்குத் தனி வழி. தொட்டி நிறைஞ்சா ஒரு மிதவை மேல வந்து வழியை அடைக்கும். அதுலயும் ஈரம் எடுக்கும்போது பையையும் காகித ஃபில்டரையும் கழட்டிட்டு ஸ்பாஞ்ச் மாட்டணும். இதை மாத்த மறந்து வர்ற மெஷின்தான் பட்டறைக்கு நிறைய வருது.

எப்பவாவது ஒரு தடவைன்னா அதுக்காகத் தனி மெஷின் தேவையில்லைங்க. பழைய துணியால ஒத்தி எடுத்துட்டு, என்சைம் கலந்த கிளீனர் போட்டு, அது சொல்ற நேரம் ஊற விட்டுத் துடைங்க. நீராவி கிளீனர் காட்டாதீங்க, சூட்டுல நாத்தம் துணியோட ஒட்டிரும்.

மணல் எடுக்கலாம், காஞ்ச மணல் மட்டும். கட்டி பிடிக்கற பெண்டோனைட் மணல்னா அது களிமண். ஈரம் பட்ட கட்டி ஹோஸ்ல போனா உள்சுவத்துல ஒட்டி சிமெண்ட் மாதிரி இறுகிரும். அந்த மணலோட நைஸ் தூள் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். தட்டுக்கு அடியில ஓட்டை போட்ட ரப்பர் பாய் விரிச்சா பாதி சிதறல் அங்கேயே நின்னுரும். மிச்சத்தை முறத்துல அள்ளிட்டு, கடைசித் தூளுக்கு மட்டும் மெஷின்.

இதே கணக்குல விபூதி, கோலமாவு, சாம்பிராணிச் சாம்பல், நாத்தத்துக்குத் தூவற சமையல் சோடா எதையும் மெஷின்ல அதிகமா விடாதீங்க. முடியைவிட நைஸ் பொடிதான் ஃபில்டருக்கு எமன்.

சிப்பிப்பாறை

நாய் வச்சிருக்கிய வீட்டுல உண்ணியை விட்டுட்டுப் பேசினா எப்படி?

நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள வாறது பழுப்பு நாய் உண்ணி. வெளியில போகாமலே வீட்டுக்குள்ளயே தலைமுறை தலைமுறையா பெருகும். ரத்தம் குடிச்ச பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, இடுக்குல ஆயிரக்கணக்கா முட்டை போடும். அதனால தரையை மட்டும் இழுத்தா பத்தாது. கூர்வாய் இணைப்பை மாட்டி, தரையும் சுவரும் சேர்ற இடம், கதவுச் சட்டம், சுவிட்ச் போர்டு ஓரம், கட்டில் காலு, நாய் படுக்கிற இடத்துக்கு மேல சுவர் உச்சி வரைக்கும் இழுக்கணும். நாயைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட மருந்தும் வாங்கணும். மெஷின் தனியா உண்ணியை ஒழிக்காது.

தெள்ளுப்பூச்சிக்கு மெஷின் ரொம்ப நல்லது. 2007-ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல பாத்திருக்காங்க: வேக்குவத்துல போன வளர்ந்த தெள்ளுல 96 சதவீதம் செத்துப்போச்சு. அதோட அதிர்வுல கூட்டுப்புழு கூட்டை விட்டு வெளிய வரும், அதனால தெள்ளு இருக்கிற வீட்டுல ரெண்டு மூணு வாரம் விடாம ஒருநாள் விட்டு ஒருநாள் இழுக்கணும். முதல் வாரம் கூடின மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க.

உண்ணியை அந்தக் கணக்குல எடுக்கப்படாது, பைக்குள்ள உயிரோட இருக்கும்னே வச்சுக்கிடுங்க. பையைக் கழட்டின உடனே பாலித்தீன் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வெளிய போடணும். டப்பா மெஷினா இருந்தா சோப்புத் தண்ணிக்குள்ள கொட்டணும். கையால நசுக்கப்படாது.

பூனைப்படை

சத்தம் பற்றி ஒரு வரி. நாய், பூனை இரண்டுக்கும் நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கேட்கும், மோட்டார் கிறீச்சிடுவது நமக்குத் தெரிவதைவிட அவற்றுக்கு அதிகம். புது மெஷினை முதல் சில நாள் அணைத்தபடியே ஹாலில் வையுங்கள், முகர்ந்து பார்க்கட்டும். பிறகு பக்கத்து அறையில் கதவைச் சாத்தி ஒரு நிமிடம் ஓட்டி, இங்கே பிடித்த தீனி கொடுங்கள். மெல்ல மெல்லக் கதவைத் திறக்கலாம். பூனை ஏறி ஒளிய ஒரு உயரமான இடம் எப்போதும் திறந்திருக்கட்டும். வாங்கும்போது 75 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நல்லது.

மொட்டைமாடி

அப்படியானால் பை போடும் வயர் மெஷின், எச்13, காற்று டர்போ மினி பிரஷ், டைல்ஸ் ஹெட் என்று முடிவு செய்திருக்கிறேன். பட்டறை அண்ணா, கடைக்குப் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஹாலில் எனக்கு 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது.

பீளமேடு பட்டறை

அந்த 6 ஆம்பியர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 1600 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 7 ஆம்பியர். 6 ஆம்பியர் பாயிண்ட்ல தொடர்ந்து ஓட்டினா பிளக் கருகும். 1200 வாட்டுன்னா 5.2 ஆம்பியர், அது தாங்கும். அதனால உங்களுக்கு 1200 வாட்டுக்குள்ள எடுங்க, இல்லைன்னா எலக்ட்ரீஷியனை வச்சு தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் போடுங்க. மாத்து பிளக் மாட்டி, சாதா எக்ஸ்டென்ஷன்ல ஓட்டறது மட்டும் வேண்டாம். இன்வெர்ட்டர் லைன்லயும் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது உங்க நாய் முடியையும் பூனை முடியையும் ஒரு ஜிப் கவர்ல கொண்டு போங்க. கடையில சோஃபா இருந்தா அதுல தேய்ச்சு ஒட்ட வச்சுட்டு, டர்போ பிரஷ் மாட்டி இழுத்துப் பாருங்க. அழுத்தம் கொடுத்தா சுத்தறது நிக்குதான்னு பாருங்க. பிரஷ் மூடியைக் கழட்ட முடியுதான்னும் பாருங்க. ஸ்க்ரூ இல்லாம காசு வச்சுத் திருப்பிக் கழட்டற மாதிரி இருந்தா நல்லது. ரெண்டு முனையிலயும் இருக்கற பேரிங்குக்குள்ள முடி இறங்கினா சூடாகி பிளாஸ்டிக் உருகும். பெல்ட் வச்ச ஹெட்னா ரப்பர் கருகற வாசம் வரும். பதினைஞ்சு நாளைக்கு ஒருதரம் துணி தைக்கறவங்க வச்சிருக்கற தையல் பிரிக்கற கத்தியை ரோலர் நீளவாக்குல விட்டு முடியை அறுத்து எடுத்துருங்க.

பைப் விட்டம் கேட்டு எழுதி வைங்க. 32 அல்லது 35 மில்லிமீட்டர்தான் அதிகமா வரும். அது தெரிஞ்சா பின்னாடி வேற கம்பெனி பிரஷ்கூட வாங்கி மாட்டிக்கலாம். பை என்ன நம்பர், எங்க கிடைக்கும், அஞ்சு பை என்ன விலைன்னு கேளுங்க. மெஷினோட சேத்தே ஒரு வருஷத்துக்கான பையும், மோட்டாருக்கு முன்னாடி இருக்கற ஃபில்டர் ஒண்ணும் கூடுதலா வாங்கிருங்க. மாடல் நின்னுபோனா முதல்ல காணாம போறது பைதான்.

மோட்டார் ஆயுள்னு பாத்தா, ஐரோப்பிய விதியில குறைஞ்சது 500 மணி நேரம் ஓடணும்னு வச்சிருக்காங்க. தினம் 20 நிமிஷம் ஓட்டினா அது நாலு வருஷத்துக்கு மேல வரும். அதுக்கு முன்னாடி போறதுக்குக் காரணம் பெரும்பாலும் அடைப்புதான். காத்து வராம மோட்டார் சூடாகும், உள்ள இருக்கற வெப்பக் கட் ஆஃப் நிறுத்திரும். அப்ப சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு மணி நேரம் ஆற விட்டு அடைப்பைத் தேடுங்க. ஹெட் கழுத்து, கைப்பிடி வளைவு, ஹோஸ் மெஷின்ல சொருகற இடம், இந்த மூணுலதான் முடி உருண்டு நிக்கும். ஹோஸைக் கழட்டி ஒரு பக்கம் கோலிக்குண்டு போடுங்க, மறுபக்கம் தடையில்லாம விழணும். நின்னா அங்கதான் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஹோஸ் கிழியும். வயரிங்குக்குப் போடற வளையற பிளாஸ்டிக் குழாய் போதும்.

இன்னொண்ணு. மெஷின் வெளிய ஊதற காத்து டைல்ஸ் மேல இருக்கற முடியைப் பறக்க விடும். அதனால அறையோட உள்மூலையில ஆரம்பிச்சு வாசல் பக்கம் பின்னாடியே வாங்க, மெஷின் எப்பவும் சுத்தம் பண்ணாத பக்கம் ஊதாம இருக்கட்டும்.

மொட்டைமாடி

குறித்துக்கொண்டேன் அண்ணா. கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில் ஃபில்டரைக் கழுவினால் காயவே மாட்டேன் என்கிறதாமே? நாய் வாடையும் அடிக்கும் என்கிறார்கள்.

பீளமேடு பட்டறை

முதல்ல எந்த ஃபில்டர்னு பாருங்க. ஸ்பாஞ்சும், கழுவலாம்னு குறியீடு போட்டதும் மட்டும்தான் தண்ணிக்குப் போகணும். மடிப்பு மடிப்பா இருக்கற காகித எச்13-ஐக் கழுவினா இழை பிரிஞ்சு பிடிமானம் போயிரும், அதைக் காலாவதி ஆனா மாத்தணும்.

கழுவறதை சோப்பு இல்லாம சாதாத் தண்ணியில கழுவுங்க. பிழியாம தட்டி நீரை வடிச்சு, நிழல்ல ஃபேன் காத்துல வைங்க. வெயில் காலத்துல 24 மணி நேரம், ஐப்பசி கார்த்திகையில 48 மணி நேரம். கையில தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ஈரம் நிக்கும். அதை மாட்டினா பூஞ்சை பிடிச்சு, அந்த வாடைதான் நாய் வாடைன்னு நினைச்சுக்குவாங்க. ஹேர் டிரையர் காட்டாதீங்க, ஸ்பாஞ்ச் சுருங்கும். இதுக்குத்தான் ரெண்டாவது ஃபில்டர் வாங்கச் சொன்னது: ஒண்ணு காயும்போது இன்னொண்ணு ஓடும்.

பைக்குள்ள இருக்கற முடி மழைக்காலத்துல ஈரம் இழுக்கும். ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் பை பாதி நிறைஞ்சாலே மாத்திருங்க. குளிச்சு ஈரம் காயாத நாய் படுத்த இடத்துல மெஷினை அன்னிக்கு ஓட்டாதீங்க.